ஊசி போடும் கையின் பொறுப்பு: செவிலியர் அறிய வேண்டிய அடிப்படைச் சட்டச் சொற்கள்

“டாக்டர் சொன்னார், நான் போட்டேன்.” மருந்து ஒன்று தவறாகிப் போன மறுநாள், விசாரணையில் செவிலியரின் வாயிலிருந்து பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான். அந்தப் பதிலில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் சட்டம் அதை முழுமையான பதிலாக ஏற்பதில்லை. மருந்தை எழுதுவது மருத்துவரின் பொறுப்பு. எழுதியதைப் படித்து, மருந்தின் பெயரும் அளவும் செலுத்தும் வழியும் அந்த நோயாளிக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்து, ஐயம் இருந்தால் கேட்டுத் தெளிந்த பிறகே செலுத்துவது செவிலியரின் பொறுப்பு. முதற்பொறுப்பு இரண்டாவதை அழித்துவிடுவதில்லை. நர்சிங் மாணவியருக்குச் சட்டப் பாடம் நடத்தும்போது நான் இந்த இடத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். பாடப்புத்தகத்தில் அடுத்தடுத்து வரும் சொற்கள் பலவும் இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விளங்கிவிடும்.

1993 டிசம்பரில் தில்லியின் தனியார் மருத்துவமனை ஒன்றில், டைபாய்டு காய்ச்சல் என்று ஒரு சிறுவன் சேர்க்கப்பட்டான். ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், பணியிலிருந்த செவிலியர் ஓர் ஊசி மருந்துக்கான சீட்டைத் தந்தையிடம் கொடுத்து வாங்கி வரச் சொன்னார். மருந்து வந்தது, சிரை வழியாகச் செலுத்தப்பட்டது, உடனே சிறுவன் துவண்டு போனான். உயிர் காப்பாற்றப்பட்டபோதிலும் அவனது மூளை மீட்க முடியாத அளவுக்குச் சேதமடைந்திருந்தது. ஊசி போட்டவர் எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு பெறாதவர் என்பதும், மருத்துவர் உடனிருந்து கவனிக்க வேண்டிய சிரை ஊசியை அவரிடம் விட்டுவிட்டார் என்பதும் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் விசாரணையில் வெளிவந்தன. சிறுவனுக்கு 12.5 லட்சம் ரூபாயும், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சம் ரூபாயும் இழப்பீடாக வழங்க ஆணையம் உத்தரவிட்டது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இவ்வழக்கில் முதலில் கண்ணில் படும் சொல் ‘பதிவு’. சட்டத்தின் பார்வையில் ஒருவரைச் செவிலியர் ஆக்குவது வெள்ளைச் சீருடையோ பட்டயச் சான்றிதழோ மட்டும் அன்று. கவுன்சிலின் பதிவேட்டில் அவருடைய பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பதிவுமுறை 1926-ஆம் ஆண்டின் செவிலியர் மற்றும் தாதியர் சட்டத்திலிருந்து வருகிறது. நாடு முழுமைக்குமான இந்திய நர்சிங் கவுன்சில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அச்சட்டத்தின் இடத்தைப் பெறும்படி தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவிப்பணி ஆணையத்துக்கான சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதிவு என்பது தகுதிக்குச் சான்று மட்டுமன்று, எல்லைக்கோடும் ஆகும். படித்த பாடத்திட்டமும் பணிபுரியும் மருத்துவமனையின் நெறிமுறையும் அனுமதிக்கும் செயல்களே செவிலியரின் எல்லைக்குள் வருகின்றன. அவசரம் என்ற பெயரில் மருந்து எழுதுவதும், மருத்துவர் மட்டுமே செய்யத் தக்க செயல்முறைகளில் கை வைப்பதும், ‘இங்கே எல்லோரும் செய்கிறார்கள்’ என்ற காரணத்தால் சட்டப்படியான செயல்கள் ஆகிவிடுவதில்லை.

கவனக்குறைவு என்றால் என்ன?

அன்றாடப் பேச்சில் எந்தத் தவறையும் கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அச்சொல்லுக்கு நான்கு கால்கள் உண்டு. ஒன்று இல்லாவிட்டாலும் வழக்கு நிற்காது. நோயாளியின்பால் செவிலியருக்குக் கவனக் கடமை இருக்க வேண்டும். அக்கடமையில் அவர் தவறியிருக்க வேண்டும். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்திருக்க வேண்டும். அந்தத் தீங்கு அந்தத் தவறால் விளைந்திருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து தூக்க மருந்தின் மயக்கத்தில் இருக்கும் எழுபது வயது முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த நொடியில் கடமை பிறந்துவிடுகிறது. கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தாமல் நீங்கள் அடுத்த நோயாளியிடம் சென்றால் அது கடமை தவறியது. அவர் கீழே விழுந்தும் ஒரு சிராய்ப்புகூட இல்லையென்றால், மருத்துவமனை உங்களிடம் விளக்கம் கேட்கலாமே தவிர, இழப்பீடு கேட்கும் வழக்குக்கு அடிப்படை இல்லை. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தால் நான்கு கால்களும் ஊன்றிவிடுகின்றன. மாறாக, கம்பி உயர்த்தப்பட்டிருந்து, அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, எழ வேண்டாம் என்று சொல்லியும் இருந்து, அதன்பின் அவரே கம்பியைத் தாண்டி இறங்கி விழுந்தால், எலும்பு முறிந்திருந்தாலும் கடமை தவறியதாகச் சொல்வது கடினம். நோயாளிக்கு நேர்ந்த முடிவை மட்டும் வைத்துச் சட்டம் செவிலியரை எடைபோடுவதில்லை என்பதைப் புதிதாகப் பணியில் சேர்வோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமலே பலர் வேண்டாத அச்சத்தில் வாழ்கிறார்கள்.

அப்படியானால் எந்த அளவுகோலால் எடைபோடுகிறது? 1957-இல் இங்கிலாந்தில், தசை தளர்த்தும் மருந்து கொடுக்காமல் மின் அதிர்ச்சி சிகிச்சை அளித்ததால் எலும்புகள் முறிந்த ஒரு நோயாளியின் வழக்கில் உருவான போலம் அளவுகோலை நம் நீதிமன்றங்களும் பின்பற்றி வருகின்றன. அதே துறையில் சாதாரணத் திறனுடைய ஒருவர் அந்தச் சூழ்நிலையில் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்பதே அதன் கேள்வி. மிகச் சிறந்தவரோடு ஒப்பிடுவதில்லை. ஆனால், ‘நான் புதியவள், எனக்குத் தெரியாது’ என்ற பதிலும் அங்கே செல்லாது. தெரியாத பணியைத் தெரியாது என்று சொல்லி மூத்த செவிலியரை அழைப்பதே சாதாரணத் திறனுடையவர் செய்யும் செயல்.

இந்த அளவுகோலைக் குற்றவியல் சட்டத்தோடு இணைத்து விளக்கியது, 2005-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. அதன் பின்னணி ஒவ்வொரு செவிலியரும் அறிய வேண்டியது. 1995 பிப்ரவரியில் பஞ்சாபில், இரவு 11 மணியளவில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. உறவினர் சொல்லிச் செவிலியர் மருத்துவரை அழைத்தார். இருபது இருபத்தைந்து நிமிடங்கள் எவரும் வரவில்லை என்பது குடும்பத்தாரின் புகார். மருத்துவர்கள் வந்து இணைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து வேறொன்றை எடுத்துவந்து இயக்க முயன்றதில் மேலும் சில நிமிடங்கள் கழிய, நோயாளி இறந்துபோனார். காலி சிலிண்டருக்காக மருத்துவமனை உரிமையியல் (சிவில்) வழக்கில் இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம் என்றும், சிகிச்சை அளித்த மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அது போதாது என்றும் நீதிமன்றம் கூறியது. குற்றவியல் பொறுப்புக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது. அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் மையம். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரடியாகச் சிரையில் செலுத்துவது போன்ற, தொழில் தெரிந்த எவரும் செய்யத் துணியாத செயல்களை அந்த ‘மிகக் கடுமையான’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாக நான் மாணவியரிடம் சொல்வதுண்டு. ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் சிலிண்டரின் அளவுமானியைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடும் வழக்கத்தின் அருமையும் இவ்வழக்கைப் படித்தால் விளங்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. மருத்துவச் செயல்முறையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் அது நேர்ந்தால் உச்ச அளவு இரண்டு ஆண்டுகள்தான். ஆனால் ‘பதிவுபெற்ற மருத்துவர்’ என்பதற்கு அப்பிரிவு தரும் வரையறை, தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்கீழ்த் தகுதியும் பதிவும் பெற்றவர்களை மட்டுமே குறிக்கிறது. செவிலியர் அந்த வரையறைக்குள் இல்லை. ஒரே கட்டிலைச் சுற்றி நின்று ஒரே நோயாளிக்காக உழைப்பவர்களை இப்படி வேறுபடுத்துவது சரியன்று என்பது என் கருத்து. எனினும் சட்டம் இன்று எழுதப்பட்டிருப்பது இவ்வாறுதான் என்பதை அறிந்துகொண்டே பணிபுரிய வேண்டும்.

நிகழ்வே சாட்சி சொல்லும் இடங்கள்

பொதுவாகக் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியவர் வழக்குத் தொடுப்பவரே. சில நேரங்களில் நடந்த நிகழ்வே தவறை எடுத்துச் சொல்லிவிடும். 1963-இல் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில், பிரசவத்துக்குப் பின் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணி ஒன்று விடப்பட்டுவிட்டது. அவர் இறந்துபோனார். யாருடைய கை அதை விட்டது என்று துல்லியமாகக் காட்ட முடியாவிட்டாலும், வயிற்றுக்குள் துணி இருந்ததே கவனக்குறைவுக்குச் சான்று என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, அரசைப் பொறுப்பாக்கியது. தியேட்டரில் வயிற்றை மூடுவதற்கு முன் துணிகளையும் ஊசிகளையும் கருவிகளையும் எண்ணிச் சரிபார்த்து, எண்ணிக்கை சரி என்று உரக்கச் சொல்கிறோமே, அந்தக் குரலுக்குப் பின்னால் இத்தகைய மரணங்கள் இருக்கின்றன. எண்ணிக்கை பொருந்தாவிட்டால், அறுவை மருத்துவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் ‘பொருந்தவில்லை’ என்று சொல்லவும் அதை எழுதவும் செவிலியருக்கு உரிமையும் கடமையும் உண்டு.

ஊழியரின் தவறுக்கு அவரைப் பணியில் அமர்த்தியவர் பொறுப்பேற்பதைப் பதிலிப் பொறுப்பு என்பர். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் 1,250 கிராம் எடையுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு, உரிய காலத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்று பெற்றோருக்கு எவரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தனிப்பட்ட பணியாளர்களின் தவறுக்கு மாநில அரசும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜ் சமயத்தில் நாம் சொல்லும் இரண்டு வாக்கியங்களுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை நான் இவ்வழக்கின் வழியாகவே மாணவியருக்கு உணர்த்துகிறேன். நிர்வாகம் பணம் கட்டிவிடுவதால் செவிலியர் விடுபட்டுவிடுவதில்லை. துறை நடவடிக்கையும் கவுன்சிலின் விசாரணையும் தனித்தனியே தொடரலாம்.

இத்தகைய இழப்பீட்டு வழக்குகள் பலவும் நுகர்வோர் ஆணையங்களுக்கே செல்கின்றன. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை அளிக்கும் இடங்கள் மட்டுமே விலக்குப் பெற்றன; சிலரிடமேனும் கட்டணம் பெறும் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெறுபவரும் புகார் கொடுக்கலாம். புகாருக்கான கால வரம்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள்.

யாருடைய ஒப்புதல்?

நம் ஊர் மருத்துவமனைகளில் ஒப்புதல் படிவத்தில் கணவரோ மகனோ கையெழுத்திடுவதும், நோயாளி அருகிலேயே பேசாமல் உட்கார்ந்திருப்பதும் இயல்பாகிவிட்ட காட்சி. சட்டப்படி, 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் உள்ளவரின் உடலுக்கு அவரே ஒப்புதல் தர வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தில்லி வழக்கு ஒன்றில், வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒப்புதல் தந்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் பெற்று அவரது கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு ஆபத்தான அவசரம் எதுவும் அப்போது இல்லை; சில மணி நேரத்தில் நினைவு திரும்பக்கூடியவருக்காகத் தாய் முடிவெடுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்ததாக ஆகாது என்பதும் அத்தீர்ப்பில் தெளிவாயிற்று.

இங்கே செவிலியரின் பங்கைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அறுவை சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்க வேண்டியவர் அதைச் செய்யப்போகும் மருத்துவர். செவிலியர் சாட்சியாகக் கையெழுத்திடும்போது, அந்தக் கையெழுத்தை இன்னார் தம் விருப்பத்தோடு இட்டார் என்பதற்கே சாட்சியாகிறார். ‘எனக்கு என்ன ஆபரேஷன் சிஸ்டர்?’ என்று நோயாளி அப்போது கேட்டால், ஒப்புதல் இன்னும் பெறப்படவில்லை என்று பொருள். படிவத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். உயிர்காக்கும் அவசரத்தில் நினைவற்றவருக்குச் சிகிச்சை அளிக்க ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது 1989 முதல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி.

ஒப்புதலை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும் ஒருவரைப் பிடித்து ஊசி போடுவது, நல்ல நோக்கத்தோடு செய்தாலும், தாக்குதல் ஆகக்கூடும். பில் தொகை கட்டவில்லை என்பதற்காக நோயாளியை வெளியே விடாமல் வைத்திருப்பது சட்டவிரோத அடைத்துவைப்பு. அலுவலகம் சொன்னாலும் வார்டு வாசலில் நின்று தடுக்கும் வேலையைச் செவிலியர் ஏற்கக் கூடாது. மனநல சிகிச்சையில் நோயாளியைக் கட்டிவைப்பதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கடும் வரம்புகளை விதித்துள்ளது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு ஒரு நிமிடமும் மிகாமல் மட்டுமே செய்யலாம். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை ஒரு காரணமாகாது என்று அச்சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

சொல்லக் கூடாதவையும் சொல்லியே தீர வேண்டியவையும்

நோயாளியைப் பற்றி நாம் அறிந்தவை நோயாளிக்கே உரியவை. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் கட்டிலில் அடையாள அட்டை தொங்கவிடுவது, கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதுவது போன்ற பழக்கங்கள், 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் காக்கும் இரகசியத்தை உடைப்பவை. காயத்தின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் முகம் தெரியவில்லை என்பதால் நியாயமாகிவிடாது.

அதே வேளையில் சில செய்திகளை மறைப்பதே குற்றம். 18 வயது நிறையாத ஒரு பெண் கர்ப்பிணியாகப் பரிசோதனைக்கு வந்தால், குடும்பத்தார் எவ்வளவு கெஞ்சினாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. விபத்து, தாக்குதல், நஞ்சு, தீக்காயம் ஆகியவற்றோடு வருவோர்க்கு ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் செவிலியரின் அன்றாட விழிப்பில் சேர வேண்டும்.

எழுத்து

இரவுப் பணி முடிந்ததும் பலர் எழுதும் குறிப்பு இது: “நோயாளி நலம். டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.” இதை இப்படி எழுதியிருந்தால்: “2.10: நோயாளி வியர்த்துக் காணப்பட்டார். நாடி 118, இரத்த அழுத்தம் 90/60. 2.15: டியூட்டி டாக்டருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது, ஐ.வி. திரவத்தின் வேகத்தைக் கூட்டச் சொன்னார், உத்தரவு திரும்ப வாசித்துக் காட்டப்பட்டது. 2.40: டாக்டர் வந்து பார்த்தார்.” முதல் குறிப்பு யாரையும் காப்பாற்றாது. இரண்டாவதில் கண்டதும் செய்ததும் நேரமும் உள்ளன. ‘நலம்’ என்ற தீர்ப்பு இல்லை. தொலைபேசி உத்தரவை எழுதிக்கொண்டு, திரும்ப வாசித்து, மருத்துவமனை வகுத்த நேரத்துக்குள் மருத்துவரின் கையெழுத்தைப் பெற்றுவிட வேண்டும்.

எழுதியதில் பிழை நேர்ந்தால் ஒரே கோட்டால் அடித்து, பழைய எழுத்து தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் நேரமும் இட வேண்டும். வெள்ளை மை பூசுவதும், பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதிச் சேர்ப்பதும், நடந்த தவறைவிடப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பும். நான் இளம் செவிலியராக இருந்தபோது, மாலை 6 மணி மருந்தைக் கொடுத்துவிட்டுக் குறிக்க மறந்தேன். அடுத்த ஷிப்டில் வந்தவர் அது கொடுக்கப்படவில்லை என்று நினைத்து மீண்டும் கொடுத்துவிட்டார். வாந்தியோடு போயிற்று. அந்த நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்ட பத்து நிமிடங்களை நான் மறக்கவில்லை. தவறு நேர்ந்தால் முதலில் நோயாளியைக் கவனிக்க வேண்டும். உடனே மருத்துவருக்கும் பொறுப்புச் செவிலியருக்கும் தெரிவிக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் கொடுத்த மருந்து, அளவு, நேரம், நோயாளியின் நிலை ஆகியவற்றை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும்.

உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர்கள் குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளில் உள்ளவை. சம்மன் வந்து சாட்சிக் கூண்டில் நிற்கும் நாளில், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவு உங்கள் நினைவில் இருக்காது. அப்போது நீங்களே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சியச் சட்டம் அனுமதிக்கிறது. அதிலும் இல்லாததைக் கேட்டால் ‘நினைவில்லை’ என்பது நேர்மையான பதில்; ஊகித்துச் சொல்லக் கூடாது. அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்கப்படலாம். நாற்பது நோயாளிகளை ஒருவராக நின்று கவனித்தீர்கள் என்றால், அந்த எண்ணிக்கையும், ஆள் போதவில்லை என்று மேற்பார்வையாளருக்குத் தெரிவித்த நேரமும் அன்றைய வார்டு ரிப்போர்ட் புத்தகத்தில் உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.